சுகரும் இருக்கு, லிவர்ல கொழுப்பும் இருக்கு: நடந்தா என்ன ஆகும், மாத்திரை என்ன பண்ணும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மதுரைல ஒரு மெடிக்கல் கடை கவுன்ட்டர்ல 19 வருஷமா நிக்கிறேன். எனக்கும் எட்டு வருஷமா சுகர், டைப் 2. நாலு வருஷத்துக்கு முன்னாடி வேற எதுக்கோ வயித்து ஸ்கேன் எடுக்கப் போய் "கிரேடு 2 ஃபேட்டி லிவர்"னு எழுதிக் குடுத்தாங்க. அதுல இருந்து கடைக்கு வர்றவங்க கேட்கறது, சொந்தக்காரங்க போன்ல கேட்கறது, நானே டாக்டர்கிட்ட கேட்டது எல்லாத்தையும் சேர்த்து இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல. மாத்திரைய மாத்துறது நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான்.

நைட்டு ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலைல ஃபாஸ்டிங் (வெறும் வயித்து சுகர்) 160 காட்டுது, எப்படிங்க?

கடைல அதிகமா வர்ற கேள்வி இதுதான். பதில் இட்லில இல்ல, லிவர்ல இருக்கு. நம்ம தூங்கும்போது மூளைக்கு சர்க்கரை வேணும்ல, அத சப்ளை பண்றது லிவர்தான். சுமார் 100 கிராம் சர்க்கரைய கிளைகோஜன்னு மாவு மாதிரி கட்டி வச்சிருக்கும், அது குறைய குறைய புதுசாவும் தயார் பண்ணும். நல்லா இருக்கற உடம்புல இன்சுலின் போய் "போதும் நிப்பாட்டு"ன்னா நிப்பாட்டிடும். லிவர்ல கொழுப்பு ஏறிப் போச்சுன்னா இன்சுலின் சொல்றது அதுக்கு சரியா காதுல விழாது, அது பாட்டுக்கு ராத்திரி பூரா சர்க்கரைய அவுத்து விட்டுக்கிட்டே இருக்கும், காலைல நீங்க விரல குத்திப் பாக்கும்போது தெரியறது அந்தக் கணக்குதான்.

இங்கிலாந்துல நியூகாசில்ல ராய் டெய்லர்னு ஒரு பேராசிரியர், 2011ல சுகர் உள்ள 11 பேர ஒரு நாளைக்கு 600 கலோரி டயட்ல வச்சுப் பார்த்தாரு. ஒரே வாரத்துல லிவர் கொழுப்பு 30% இறங்குச்சு, அதே வாரத்துல ஃபாஸ்டிங் சுகரும் நம்ம கணக்குல சொன்னா 166ல இருந்து 106க்கு வந்துடுச்சு. லிவர் லேசானா காலை சுகர் தானா இறங்குதுன்னு இதவிட தெளிவா காட்ட முடியாது. ஆனா தயவு செஞ்சு வீட்ல யாரும் 600 கலோரின்னு தனியா ஆரம்பிச்சிடாதீங்க, அதுவும் கிளிமிபிரைடு மாதிரி சுகர வேகமா இறக்கற மாத்திரை, இன்சுலின் போட்டுக்கிட்டு பட்டினி கிடந்தா நேரா ஆம்புலன்ஸ்தான்.

கிரேடு 1 தானே, எல்லாருக்கும்தான் இருக்குன்னு ஸ்கேன் எடுத்தவரே சொன்னாரு, லிவருக்கான ரத்த டெஸ்ட் எல்எஃப்டியும் நார்மல். விட்டுடலாமா?

எல்லாருக்கும் இருக்குங்கறது பாதி உண்மைதான். சென்னைல நடந்து 2009ல வெளியான ஒரு ஆய்வுல சுகர் உள்ளவங்கள்ல பாதிக்கு மேல, 54.5% பேருக்கு ஃபேட்டி லிவர் இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்குங்கறதால நமக்கு இருக்கறது சாதாரணம் ஆகிடாதுல்ல.

ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. ஒண்ணு, சாதா அல்ட்ராசவுண்டுல கொழுப்பு இருபது முப்பது சதவீதத்துக்குக் கிட்ட போனாத்தான் நல்லா தெரியும். ஆனா 5% தாண்டினாலே அது ஃபேட்டி லிவர்தான். ரெண்டாவது, எல்எஃப்டில வர்ற எஸ்ஜிபிடிங்கற லிவர் என்சைம் நார்மலா இருக்கும்போதே உள்ள தழும்பு விழுந்துக்கிட்டு இருக்கலாம். பயப்பட வேண்டியது கொழுப்புக்கு இல்ல, அந்தத் தழும்புக்குத்தான். அதத்தான் ஃபைப்ரோசிஸ்ங்கறாங்க. அது முத்துனா சிரோசிஸ், லிவரே தழும்பேறி கெட்டிப் போறது.

தழும்பு இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு காசு செலவில்லாம ஒரு கணக்கு போடலாம், ஃபிப்-4ன்னு பேரு. வயசையும் எஸ்ஜிஓடியையும் (அதுவும் எல்எஃப்டில வர்ற என்சைம்தான்) பெருக்கணும், அத பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தையும் பெருக்கி வர்றதால வகுக்கணும். என்னோட பழைய ரிப்போர்ட்டயே எடுத்துக்குவோம்: வயசு 50, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம் (கணக்குல 210ன்னு போடணும்). மேல 50 பெருக்கல் 48, அது 2400. கீழ 64க்கு வர்க்கமூலம் 8, 210 பெருக்கல் 8, அது 1680. வகுத்தா 1.43. 1.3க்குக் கீழ இருந்தா இப்போதைக்கு பெரிய பயமில்ல, 2.67க்கு மேல போனா நேரா லிவர் டாக்டர், நடுவுல இருந்தா ஃபைப்ரோஸ்கேன், அதாவது லிவர் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பாக்கற ஸ்கேன். 65 வயசு தாண்டினவங்களுக்கு 1.3க்கு பதிலா 2ன்னு வச்சுக்குவாங்க. நான் நடுவுல மாட்டினேன், ஃபைப்ரோஸ்கேன் எடுத்தேன், தழும்பு பெருசா இல்லன்னு வந்துச்சு. அந்த ரெண்டு நாள் எப்படி ஓடுச்சுன்னு என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

மூணு மாசமா நடக்கறேன், ஒரு கிலோ கூட குறையல. நடந்து என்ன பிரயோஜனம்?

இதுக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உக்காந்தேன்னு வச்சுக்கோங்க. எடை மெஷின் மட்டும்தான் சாட்சின்னு நினைச்சு நடையை விட்டவங்க எத்தனையோ பேரு.

உள்ள நடக்கறது இதுதான். நம்ம சாப்பிடற சோத்து சர்க்கரைல பெரும்பங்கு தொடை, பின்புறம், முதுகுன்னு பெரிய தசைகளுக்குத்தான் போகணும். உக்காந்தே இருக்கறவன் தசை கதவ சாத்திக்கும், அப்ப அந்தச் சர்க்கரை எல்லாம் லிவர் பக்கம் திரும்புது, லிவர் என்ன பண்ணும், அத கொழுப்பா மாத்தி வச்சுக்கும். நீங்க நடக்க ஆரம்பிச்சதும் தசை இன்சுலின எதிர்பார்க்காமலே கதவத் திறந்து சர்க்கரைய உள்ள இழுக்குது, நடந்து முடிச்சு ஒரு நாள் வரைக்கும் கூட இன்சுலின் சொன்னா கேட்குது. லிவருக்கு வர்ற சரக்கு குறையுது. சாக்கடைக்கு வர்ற தண்ணிய மேலயே வேற பக்கம் திருப்பி விடற மாதிரி. இதுக்கு எடை குறையணும்னு அவசியமே இல்ல.

சும்மா சொல்லல. அதே நியூகாசில்ல 2011ல, உக்காந்தே இருக்கற ஃபேட்டி லிவர் ஆளுங்கள எட்டு வாரம், வாரத்துக்கு மூணு நாள் வெயிட் பயிற்சி மட்டும் பண்ண வச்சாங்க. எடை அப்படியே இருந்துச்சு, லிவர் கொழுப்பு மட்டும் இருந்ததுல 13% குறைஞ்சது. கொஞ்சம்தான், ஒத்துக்கறேன், ஆனா எட்டே வாரம், சாப்பாட்டுல கை வைக்கல.

எடையும் குறைஞ்சா அது வேற லெவல். கியூபால 293 பேர ஒரு வருஷம் பார்த்து 2015ல வெளியிட்டாங்க: உடம்பு எடைல 10% அல்லது அதுக்கு மேல குறைச்சவங்கள்ல 90% பேருக்கு லிவர் வீக்கம், அதாவது கொழுப்பால வர்ற அழற்சி, போயிடுச்சு, 45% பேருக்கு தழும்பே பின்வாங்குச்சு. ஆனா அந்த அளவுக்கு குறைச்சவங்க சுமார் பத்துல ஒருத்தர்தான், அதயும் சேர்த்து சொல்லணும்ல. நான் 78 கிலோல இருந்து 73க்கு வந்தேன், அதாவது ஆறு சதவீதம் சொச்சம். ஸ்கேன் கிரேடு 2ல இருந்து 1க்கு வந்துச்சு, எஸ்ஜிபிடி 64ல இருந்து 38. பத்து சதவீதம் என்னால முடியல, பரோட்டாவ முழுசா விட மனசு வரல.

ஓடணுமா, நடந்தா போதுமா, ஜிம்முக்கு போகணுமா?

சீனால சியாமென் நகரத்துல 220 பேர வச்சு பார்த்து 2016ல போட்டாங்க: ஒரு குரூப்பு ஆறு மாசம் ஓட்டம் அப்புறம் நடை, இன்னொண்ணு ஒரு வருஷம் பூரா வெறும் வேக நடை, வாரத்துக்கு 150 நிமிஷம். லிவர் கொழுப்பு குறைஞ்சதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அதனால முட்டி வலிக்கறவங்க ஓடலையேன்னு கவலப்பட வேண்டாம். வேக நடைன்னா பேச முடியணும், பாட முடியக் கூடாது. நம்ம வண்டியூர் தெப்பக்குளத்துல கையக் கோர்த்துக்கிட்டு கட்சி அரசியல் பேசிக்கிட்டு போறத நடைன்னு சொல்லாதீங்க, அது ஊர்வலம். (நானும் அந்த ஊர்வலத்துல இருந்தவன்தான்.)

வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை. ஜிம் வேணாம். நாற்காலில கை வைக்காம உக்காந்து எந்திரிக்கறது 10 தடவ, சுவத்துல கை வச்சு தள்ளறது 10 தடவ, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலத் தோளுக்கு மேல தூக்கறது, இத ரெண்டு மூணு சுத்து. மூச்ச அடக்கிக்கிட்டு தூக்காதீங்க. கண்ணுல ரெட்டினோபதின்னு (சுகரால விழித்திரை கெடறது) சொல்லியிருந்தாலோ, சிரோசிஸ் வரைக்கும் போனவங்களோ வெயிட் தூக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் டாக்டர்கிட்ட கேளுங்க. கால்ல புண்ணு, மரத்துப் போற உணர்வு இருந்தா வெறுங்காலோட நடக்கவே கூடாது.

ஒரே மூச்சுல முக்கால் மணி நேரம் முடியாதவங்க சாப்பிட்ட அப்புறம் 10, 15 நிமிஷம் நடங்க. மதிய சாப்பாட்டுக்கப்புறம் ஆபீஸ் வராண்டால நடந்தாலும் கணக்குதான்.

காலைல வெறும் வயித்துல வேகமா நடந்துட்டு வந்து பார்த்தா சுகர் கூடியிருக்கு! மெஷின் ரிப்பேரா?

மெஷின் சரியாத்தான் இருக்கும். எனக்கே ஒரு நாள் போகும்போது 128, வந்து பார்த்தா 151. வேகமா நடந்தா அட்ரினலின் சுரக்குது, அது லிவர்கிட்ட "தசைக்கு பெட்ரோல் வேணும், அவுத்து விடு"ன்னு சொல்லுது. தசை இழுக்கறத விட லிவர் ஊத்தறது கொஞ்சம் கூடிப் போகும், அவ்வளவுதான். சாதாரணமா கொஞ்ச நேரத்துல இறங்கிடும். அந்த ஒரு ரீடிங்க பார்த்துட்டு நடையே எனக்கு ஆகாதுன்னு முடிவு கட்டாதீங்க, மூணு மாச சராசரி ஹெச்பிஏ1சி என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஆனா நடக்கறதுக்கு முன்னாடியே 250, 300ன்னு இருந்து உடம்பும் முடியலன்னா அன்னிக்கு நடக்க வேண்டாம், டாக்டர்கிட்ட பேசுங்க.

மெட்ஃபார்மின் லிவர கெடுத்துடும்னு வாட்ஸப்ல வந்துச்சே?

கெடுக்காது. அந்த மாத்திரையே லிவர்லதான் வேலை பண்ணுது, ராத்திரி லிவர் அவுத்து விடற சர்க்கரைய குறைக்கறதுதான் அதோட முக்கிய வேலை. 1957ல பாரிஸ்ல ஜான் ஸ்டெர்ன்ங்கற டாக்டர் மனுஷங்களுக்கு குடுத்து எழுதினாரு, அன்னிலருந்து ஓடிக்கிட்டு இருக்கு. எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறியிருக்குங்கறதுக்காக நீங்களா நிறுத்தாதீங்க. லிவர் ரொம்ப முத்திப் போனவங்க, கிட்னி ரொம்ப கம்மியா வேலை செய்யறவங்க, தினம் நிறைய குடிக்கறவங்க இவங்களுக்குத்தான் ஆபத்து, ரத்தத்துல லாக்டிக் அமிலம் ஏறிடும்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. மெட்ஃபார்மின் லிவர் விடற சர்க்கரைய குறைக்கும், லிவர்ல கிடக்கற கொழுப்ப பெருசா குறைக்காது. அதான் நிறைய பேரு ஏமாறற இடம். சுகர் 110க்கு வந்துடுச்சு, சரி எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க, ஸ்கேன் எடுத்தா கொழுப்பு இருந்த இடத்துலயே சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். ரொம்ப வருஷம் போடறவங்க பி12 ஒரு தடவ பார்த்துடுங்க, கால் எரிச்சல் எல்லாம் சுகர்னால மட்டும் வர்றதில்ல.

அப்ப எந்த மாத்திரைதான் லிவர் கொழுப்ப குறைக்கும்?

இத டாக்டர்கிட்ட கேளுங்கன்னு ஒரு வரில முடிச்சிடலாம், ஆனா என்ன கேட்கணும்னு தெரிஞ்சாத்தான கேட்க முடியும்.

பயோகிளிட்டசோன் பழைய மாத்திரை, விலை கம்மி, லிவர் வீக்கத்த குறைக்கறதுல நல்ல ஆதாரம் இருக்கற மருந்து. 2013ல நம்ம நாட்டுல ஜூன் மாசம் இத தடை பண்ணி ஜூலை கடைசில எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லி திரும்ப விட்டாங்க, அந்த ஒரு மாசம் கவுன்ட்டர்ல நாங்க பட்ட பாடு பெரிய கதை. கொழுப்ப லிவர்ல இருந்து எடுத்து தோலுக்கடியில வைக்குது, அதனால எடை கூடும், கால் வீங்கலாம், எலும்பு தேயலாம். ஹார்ட் ஃபெயிலியர் இருந்தா கூடாது. மூத்திரப்பை கேன்சர் வந்தவங்களுக்கும் வேணாம்.

எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகை, சர்க்கரைய மூத்திரத்துல வெளியேத்தறது. குருகிராம்ல 50 பேர் வச்சு நடந்த ஆய்வு 2018ல வந்துச்சு, 20 வாரத்துல எம்பாகிளிஃப்ளோசின் சேர்த்தவங்களுக்கு லிவர் கொழுப்பு 16.2%ல இருந்து 11.3% ஆச்சு, சேர்க்காதவங்களுக்கு 16.4ல இருந்து 15.5தான். நம்ம ஊர் உடம்புல நம்ம நாட்டுலயே பார்த்த கணக்குங்கறதால எனக்கு இது மேல ஒரு மரியாத. 2025 மார்ச்ல பேட்டன்ட் முடிஞ்சதும் 60 ரூபா பக்கம் இருந்த மாத்திரை பல கம்பெனில பத்து ரூபாய்க்கும் கீழ வந்துடுச்சு, பழைய பில்ல கொண்டு வந்து காட்டி "இத்தன நாள் ஏமாத்துனியா"ன்னு என்கிட்ட சண்டை போட்டவங்க உண்டு. சிக்கல் என்னன்னா கீழ அரிப்பு, பூஞ்சைத் தொத்து, சிலருக்கு தண்ணி வத்திப் போறது. பட்டினி விரதம், வாந்தி பேதி, ஆபரேஷன் சமயத்துல எப்ப நிறுத்தணும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

அடுத்தது ஊசி. செமாகுளுடைடு, டிர்செபடைடு. பசி குறையும், எடை நல்லா இறங்கும், கூடவே லிவரும். லிவர் வீக்கத்தோட ஓரளவு தழும்பும் உள்ளவங்களுக்கு செமாகுளுடைடு ஊசிய 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கால அங்கீகரிச்சாங்க, அந்த ஆய்வுல ஊசி போட்டவங்கள்ல 62.9% பேருக்கு வீக்கம் போச்சு, மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவங்கள்லயும் 34.3% பேருக்கு போச்சு. அந்த ரெண்டாவது நம்பர யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல.

சரோகிளிடசார் நம்ம நாட்டுக் கண்டுபிடிப்பு, 2013ல சுகர்காரங்களுக்கு டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்ப குறைக்கன்னு வந்துச்சு, 2020ல லிவர் வீக்கத்துக்கும் இங்க அனுமதி குடுத்தாங்க.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் எல்லாம் சுகருக்கு சரி, லிவர் கொழுப்புக்கு பெருசா ஒண்ணும் பண்றதில்ல. கிளிமிபிரைடும் அப்படித்தான், எடை வேற கூட்டும். இன்சுலின் தேவைப்பட்டா தேவைதான், லிவருக்காக அத நிறுத்தறேன்னு யாரும் கிளம்பிடாதீங்க.

ஊசி போட்டு எடை குறையுதுல்ல, அப்புறம் எதுக்கு நடக்கணும்?

குறையற எடை எல்லாமே கொழுப்பு இல்லைங்க, தசையும் சேர்ந்து போகுது. மேல சொன்னேன்ல, சர்க்கரைய வாங்கிக்கற குடோனே தசைதான். அத கரைச்சிட்டு ஊசிய நிறுத்தினா எடை திரும்ப ஏறும், ஏறும்போது தசையா ஏறாது. எங்க கடைக்கு வர்ற ஒரு சார் ஆறு மாசத்துல 11 கிலோ இறங்கினாரு, பேன்ட்டு எல்லாம் புதுசு, ஆனா மாடிப்படி ஏற கைப்பிடியப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. இப்ப பருப்பு, முட்டை, நாற்காலி பயிற்சின்னு ஓடிக்கிட்டு இருக்காரு.

மாத்திரையும் போட்டு நடக்கவும் செஞ்சா லோ சுகர் ஆயிடாதா?

மெட்ஃபார்மின் மட்டும்னா பயம் ரொம்ப கம்மி. கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, இன்சுலின் போடறவங்களுக்குத்தான் ஜாக்கிரதை வேணும், அதுவும் சாயங்காலம் கடுமையா நடந்தா ராத்திரி தூக்கத்துல இறங்கலாம், ஏன்னா தசை காலி பண்ண சர்க்கரைய ராத்திரி பூரா திரும்ப நிரப்பிக்கிட்டு இருக்கும். பாக்கெட்ல குளுக்கோஸ் பவுடர். கை நடுங்கி வேர்த்தா 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக் பண்ணுங்க. அந்த நேரத்துல சுகர் ஃப்ரீ பிஸ்கட் சாப்பிட்டவர நான் பாத்திருக்கேன்.

மாத்திரை போட்டா உடற்பயிற்சியோட பலன் குறையும்னு சொல்றாங்களே?

மெட்ஃபார்மின் போட்டுக்கிட்டு பயிற்சி பண்ணா தசைக்கு கிடைக்கற முன்னேற்றம் சிலருக்கு கொஞ்சம் கம்மியா இருக்குன்னு சில ஆய்வுகள் இருக்கு, பெரும்பாலும் அது சுகர் இன்னும் வராத ஆளுங்ககிட்ட பார்த்தது. அதுக்காக மாத்திரைய விட்டுடணும்னு அர்த்தம் இல்ல.

எலிகள்ல மருந்தும் ஓட்டமும் சேர்ந்தா லிவர் புதுசு மாதிரி ஆயிடுச்சுன்னு வீடியோ பார்த்தேன்?

அந்த மாதிரி ஆய்வு நிறைய உண்டு, ஸ்ட்ரெப்டோசோடோசின்னு ஒரு மருந்த ஏத்தி எலியோட கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லக் கொன்னுட்டு, அப்புறம் ஓட விட்டு பாப்பாங்க. லிவருக்குள்ள எந்த என்சைம் கூடுது குறையுதுன்னு தெரிஞ்சுக்க அது நல்ல வழிதான். ஆனா அந்த எலிக்கு வந்தது இன்சுலினே இல்லாத சுகர், நம்ம மாதிரி இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத சுகர் இல்ல. அதுவும் எலிக்கு ஆபீஸ் டென்ஷன் கிடையாது, கல்யாண வீட்டுப் பந்தி கிடையாது.

லிவர் டானிக், கீழாநெல்லி, சீந்தில் பொடி?

டானிக் பாட்டில் வித்தா எனக்கு மார்ஜின் நல்லாவே கிடைக்கும், இருந்தாலும் சொல்றேன், சுகர்காரங்க லிவர் கொழுப்புக்கு அத நம்பி இருக்காதீங்க, சிலதுல சர்க்கரைப் பாகு வேற இருக்கும், லேபிளப் பாருங்க. கீழாநெல்லிய மஞ்சக்காமாலைக்கு காலங்காலமா குடுக்கறாங்க, அது வேற வியாதி. சீந்தில் விஷயத்துல கவனம், கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு லிவரே பாதிச்சத மும்பை டாக்டருங்க 2021ல எழுதினாங்க. எது எடுத்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

காபி பரவால்ல. காபி குடிக்கறவங்களுக்கு லிவர் தழும்பு கம்மியா இருக்கறதா பல ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. மூணு ஸ்பூன் சீனி போட்ட காபிக்கு இந்தச் சலுகை கிடையாது.

கொலஸ்ட்ரால் மாத்திரை, லிவர் வீக்கா இருக்கறப்போ போடலாமா?

ஃபேட்டி லிவர் உள்ளவங்களுக்கு ஸ்டேட்டின் பொதுவா பாதுகாப்பானதுதான், நிறுத்தறதுலதான் ஆபத்து, ஏன்னா ஃபேட்டி லிவரோட இருக்கற சுகர்காரங்கள கொண்டு போறது பெரும்பாலும் ஹார்ட் அட்டாக்தான், லிவர் இல்ல.

நான் ஒல்லிங்க, எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?

கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. நம்ம ஊர் உடம்புவாகு அது. அதனாலதான் நமக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) 23லயே அதிக எடைன்னு கணக்கு, வெளிநாட்டுக்காரங்களுக்கு 25. தராச விட டேப்ப நம்புங்க: இடுப்பு ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 செ.மீ., அதுக்கு மேல போகக் கூடாது. ஒல்லியா இருக்கறவங்க எடை குறைக்கறதுக்கு முன்னாடி தசைய ஏத்தப் பாருங்க.

எப்ப திரும்ப டெஸ்ட் எடுக்கணும்?

மாத்திரை புதுசா ஆரம்பிச்சாலோ நடைய ஒழுங்கா ஆரம்பிச்சாலோ மூணு மாசத்துல ஹெச்பிஏ1சியும் எல்எஃப்டியும் பாருங்க. ஒரு வாரத்துல எடுத்துட்டு மாறலையேன்னு உக்காராதீங்க. ஃபைப்ரோஸ்கேன் எத்தன நாளைக்கு ஒரு தடவன்னு உங்க நம்பரப் பார்த்து டாக்டர் சொல்வாரு, எனக்கு வருஷத்துக்கு ஒண்ணு. ஒரே மெஷின்ல, ஒரே இடத்துல எடுத்தா ஒப்பிட்டுப் பாக்க நல்லது. போறதுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு மணி நேரம் ஒண்ணும் சாப்பிட்டிருக்கக் கூடாது, சாப்பிட்டா லிவருக்கு ரத்தம் கூடி நம்பர் ஏத்திக் காட்டும். போன தடவ நான் வாசல்ல ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுட்டுப் போய் நின்னேன், திருப்பி அனுப்பிட்டாங்க.